மழிக்காத முகமும் மடிப்புக் கலையாத சீருடையும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்தித்தாள்களிலும் காமிக்ஸ் இதழ்களிலும் உலவிய சித்திர நாயகர்கள் படைவீரர்களுக்கு உண்மையிலேயே தெம்பூட்டினார்களா, அல்லது அரசுகள் தம் பிரச்சாரத்துக்குப் பிடித்து ஆட்டிய பொம்மைகள்தானா என்பது கேள்வி. இரண்டு வேலைகளும் நடந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரும்பாலும் ஒரே பாத்திரம் இரண்டையும் செய்யவில்லை. ஊரில் இருந்தவர்களைப் போருக்குத் திரட்டிய நாயகன் ஒருவன். குண்டுமழைக்கு நடுவே கிடந்தவன் தன் ஆள் என்று கொண்டாடிய நாயகன் வேறொருவன். பின்னவனை மேலதிகாரிகள் முதலில் முகஞ்சுளித்தே பார்த்தார்கள் என்பதும், அவனால் ஆதாயம் உண்டு என்று தெரிந்த பிறகே அரவணைத்தார்கள் என்பதும் நாடு விட்டு நாடு திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

இந்தக் கதை முதலாம் உலகப் போரிலேயே தொடங்கிவிடுகிறது. பிரிட்டிஷ் படையின் கேப்டன் ப்ரூஸ் பேர்ன்ஸ்ஃபாதர் 1915இல் ஈப்ர் போர்முனையில் காயமும் குண்டதிர்ச்சியும் பட்டுத் திரும்பியவர். அவர் ‘பைஸ்டாண்டர்’ வார இதழில் அதே ஆண்டு நவம்பரில் வரைந்த ஒரு படம் ஒரு தலைமுறைக்கே அடையாளமாயிற்று. இருட்டில், பீரங்கிக் குண்டு தோண்டிய பள்ளம் ஒன்றில் இரண்டு சிப்பாய்கள் தோள்வரை புதைந்து நிற்கிறார்கள். சுற்றிலும் குண்டுகள் வெடிக்கின்றன. புலம்பிய இளையவனைப் பார்த்து, தொங்குமீசைக் கிழச் சிப்பாய், “இதைவிட நல்ல குழி உனக்குத் தெரிஞ்சா அங்கே போயேன்” என்கிறான். அந்தப் படத்தில் கொடி இல்லை, வீரமுழக்கம் இல்லை, எதிரியின் முகம்கூட இல்லை. மீசைக்காரன் ‘ஓல்ட் பில்’ என்று பெயர் பெற்றான். நம் வீரர்களைக் கொச்சையாகச் சித்திரிக்கிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் பதுங்குகுழிகளில் அந்தப் படங்களுக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்ட போர் அமைச்சகம், பேர்ன்ஸ்ஃபாதரையே அதிகாரபூர்வக் கேலிச்சித்திரக்காரராக அமர்த்தி, நேச நாட்டுப் படைகளையும் வரைந்து வரும்படி அனுப்பிவைத்தது.

அடுத்த போரில் இதற்கு எதிர்முனையில் நிற்பவர் கேப்டன் அமெரிக்கா. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய அந்த நாயகனின் முதல் இதழ் 1941 மார்ச் என்று தேதியிடப்பட்டு, 1940 டிசம்பரிலேயே கடைகளுக்கு வந்துவிட்டது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு இன்னும் ஏறத்தாழ ஓராண்டு இருந்தது. அமெரிக்கா போரில் இறங்கவில்லை, இறங்கக்கூடாது என்று சொல்பவர்களும் அங்கே ஏராளமாக இருந்தார்கள். அட்டைப்படமோ அந்த விவாதத்துக்கெல்லாம் இடம் வைக்கவில்லை. நட்சத்திரமும் கோடுகளும் போட்ட உடையில் நாயகன் ஹிட்லரின் தாடையில் குத்துகிறான், ஹிட்லர் பின்னால் சரிகிறார், சுற்றியிருக்கும் நாஜிகள் சுட்ட குண்டு கேடயத்தில் பட்டுத் தெறிக்கிறது. படத்தின் மூலையில் ஒரு திரை. அதில் அமெரிக்க வெடிமருந்துத் தொழிற்சாலையை ஓர் ஒற்றன் தகர்த்துக்கொண்டிருக்கிறான். போர் ஏற்கெனவே உங்கள் வாசலுக்கு வந்துவிட்டது என்பதுதான் அந்தச் சின்னத் திரையின் செய்தி. அரசு கேட்டு வரைந்த படம் இல்லை இது. சைமனும் கிர்பியும் யூதர்கள். ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்பதை மற்றவர்களைவிட அக்கறையோடு கவனித்து வந்தவர்கள். தங்களுக்கு மிரட்டல் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் வந்தன என்றும், நியூயார்க் மேயர் லா கார்டியா தாமே அழைத்துத் தைரியம் சொன்னார் என்றும் சைமன் பின்னாளில் எழுதினார்.

பிரச்சாரம் என்றாலே அரசு அலுவலகத்திலிருந்து கட்டளை போயிருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்கக் காமிக்ஸ் துறையில் பாதி வேலையைப் படைப்பாளிகளும் பதிப்பாளர்களும் தாமாகவே செய்தார்கள். அரசு பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. கேப்டன் அமெரிக்கா இதழ் சிறுவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, 10 சென்ட் அனுப்பினால் சின்னம் ஒன்றும் உறுப்பினர் அட்டையும் தந்தது. அநாதைச் சிறுமி ஆன்னியின் தொடரில் 1942இல் குழந்தைகள் படை திரட்டிப் பழைய இரும்பு சேகரித்தார்கள், அதைப் பார்த்து உண்மையான குழந்தைகளும் தெருத்தெருவாகக் கிளம்பினார்கள். பழைய காகிதம் திரட்டிய இதே போன்ற இயக்கங்களில் காமிக்ஸ் இதழ்களே மூட்டை மூட்டையாகப் போய்ச் சேர்ந்தன. போர்க்கால இதழ்கள் இன்று சேகரிப்பாளர்களிடம் கொள்ளை விலை போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சூப்பர்மேனின் சிக்கல் வேறு விதமானது. ‘லுக்’ இதழ் 1940 பிப்ரவரியில், சூப்பர்மேன் இந்தப் போரை எப்படி முடிப்பார் என்று கேட்டு இரண்டு பக்கக் கதை ஒன்றை வாங்கி வெளியிட்டது. சூப்பர்மேன் ஹிட்லரின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, “ஆரியக் கலப்பே இல்லாத குத்து ஒன்று விட ஆசைதான்” என்று சொல்லிவிட்டு, ஸ்டாலினையும் வாரிக்கொண்டு ஜெனிவாவில் உலக நாடுகள் சங்கத்தின் முன் நிறுத்துகிறார், கதை முடிந்தது. சிறுபிள்ளைத்தனமான இந்த இரண்டு பக்கங்களுக்கு நாஜிகளின் எஸ்.எஸ். படையின் வார இதழான ‘தாஸ் ஷ்வார்ட்ஸே கோர்’ அந்த ஏப்ரலில் மெனக்கெட்டுப் பதில் எழுதி, கதாசிரியர் ஜெரி சீகலை யூதர் என்று ஏசியது. ஆனால் அமெரிக்கா உண்மையிலேயே போரில் இறங்கியதும் படைப்பாளிகள் தடுமாறிப் போனார்கள். ஒரே நாளில் போரை முடிக்கக்கூடியவன் கதையில் இருக்கும்போது, செய்தித்தாளின் முதல் பக்கத்தில் நாள்தோறும் இறந்தவர் பட்டியல் வந்துகொண்டிருந்தால் வாசகன் என்ன நினைப்பான்? 1942இல் அவர்கள் கண்ட வழி சாமர்த்தியமானது. கிளார்க் கென்ட் படையில் சேரப் போகிறான். கண் பரிசோதனையின்போது ஆர்வமிகுதியால் அவனுடைய ஊடுருவும் பார்வை சுவரைத் தாண்டி, அடுத்த அறையில் தொங்கும் அட்டையின் எழுத்துகளைப் படித்துவிடுகிறது. எழுத்தெல்லாம் தப்பு, தகுதியற்றவன் என்று அனுப்பிவிடுகிறார்கள். உலகிலேயே வலிமையான ஆள் போர் முடியும்வரை உள்நாட்டில் ஒற்றர்களைப் பிடித்துக்கொண்டு காலம் கழித்தான். அமெரிக்கச் சிப்பாய்க்கு சூப்பர்மேனின் உதவி தேவையில்லை என்று அதற்கு ஒரு கௌரவமான விளக்கமும் கொடுத்துக்கொண்டார்கள்.

தமிழ் வாசகர்கள் வேதாளர் என்றும் மாயாவி என்றும் அறிந்த முகமூடி நாயகரும் இதே 1942இல் போருக்குப் போனவர்தான். அவருடைய காடு அப்போது ஆசியப் பக்கம் இருந்தது, ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது பிற்பாடு. அதனால் ஜப்பானியப் படை அந்தக் கரையில் வந்து இறங்குவதாகக் கதை அமைப்பதில் சிரமம் இருக்கவில்லை. அவரைப் படைத்த லீ ஃபாக் போர்க்காலத்தில் அமெரிக்கப் போர்ச் செய்தி அலுவலகத்தில் பணியாற்றினார்.

இந்தக் காலத்தின் மிகத் தேர்ந்த ஓவியர் என்று நான் கருதுகிற மில்டன் கானிஃபிடம்தான் இந்தத் துறையின் உச்சமும் இழிவும் சேர்ந்தே கிடைக்கின்றன. சீனாவைக் களமாகக் கொண்ட அவருடைய ‘டெரியும் கடற்கொள்ளையரும்’ தொடரில் ஃபிளிப் கார்கின் என்றொரு விமானப்படை அதிகாரி வருவார். கானிஃபின் நண்பரான ஃபிலிப் காக்ரன் என்ற உண்மையான அதிகாரிதான் அதற்கு மாதிரி. 1943 அக்டோபர் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் சண்டையே கிடையாது. விமானியாகத் தேறிய டெரியைக் கார்கின் ஓடுதளத்தில் நடத்திக் கூட்டிச் செல்கிறார். நீ செலவழிக்கும் ஒவ்வொரு தோட்டாவையும் எரிபொருளையும் யாரோ ஒருவன் உயிரைப் பணயம் வைத்து இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறான், உன் விமானத்தைப் பழுதுபார்த்தவனுக்குப் பதக்கம் கிடைக்காது, அவனை மறந்துவிடாதே என்று பேசிக்கொண்டே போகிறார். அவ்வளவுதான் அந்தப் பக்கம். அது அமெரிக்க நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெற்றது. காக்ரனின் வான்படைப் பிரிவு 1944 மார்ச்சில் அசாமின் லாலாகாட் ஓடுதளத்திலிருந்து கிளைடர்களில், ஜப்பானியப் படைவரிசைக்குப் பின்னால் போரிட்ட சிண்டிட் வீரர்களைப் பர்மாவுக்குள் கொண்டுபோய் இறக்கியது என்பது இந்தக் கதைக்கு இந்தியாவோடு இருக்கும் தொடர்பு.

அதே கானிஃப், சீனாவுக்குப் போகும் அமெரிக்கப் படையினருக்காக இராணுவம் 1942இல் அச்சிட்ட கையேட்டில், சீனரிடமிருந்து ஜப்பானியரைப் பிரித்தறிவது எப்படி என்று ஒரு சித்திரப்பகுதி வரைந்தார். பல்லின் அமைப்பு, கால்விரல்களுக்கு இடையிலான இடைவெளி, நடக்கும் விதம் என்று, கால்நடைச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் போலப் போகிறது அது. பிற்பாடு வந்த பதிப்பில் அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள். அதே ஆண்டில்தான் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை, பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள், முள்வேலி முகாம்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சித்திரத்தொடரின் எளிமையான கோடுகள் அன்பைக் காட்டுவதற்கு எவ்வளவு உதவினவோ, வெறுப்பை ஊட்டுவதற்கும் அவ்வளவு உதவின. எதிரியை ஒரு மனிதனாக வரைய நான்கு கோடுகள் தேவைப்பட்ட இடத்தில், பல்லும் மூக்குக்கண்ணாடியும் போதும் என்று பழகிக்கொண்டார்கள்.

ஜப்பானில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். தகாவா சுய்ஹோ 1931 ஜனவரியில் ஒரு சிறுவர் மாத இதழில் ‘நோராகுரோ’ தொடரைத் தொடங்கினார். நோராகுரோ என்றால் தெருவில் திரியும் கறுப்பு நாய். ஆதரவற்ற அந்த நாய், நாய்களின் படைப்பிரிவு ஒன்றில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து, தவறுக்கு மேல் தவறு செய்து, ஒவ்வொரு முறையும் எப்படியோ தப்பித்துப் பதவி உயர்வு பெறுகிறது. தகாவா தாமே படையில் பணியாற்றியவர் என்பதால் முகாம் வாழ்க்கையின் அசட்டுத்தனங்கள் அதில் உயிரோடு இருந்தன. சீனாவுடன் போர் முற்ற முற்ற, கதையும் ஆசியப் பெருநிலத்துக்குப் போயிற்று. சீனர்கள் பன்றிகளானார்கள், மஞ்சூரியர்கள் ஆடுகளானார்கள், ரஷ்யர்கள் கரடிகளானார்கள். ஒரு பிரச்சாரத் துறைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனாலும் 1941 அக்டோபரில் உள்துறை அமைச்சகத்தின் நெருக்குதலால் தொடர் நின்றது. காகிதத் தட்டுப்பாட்டுக் காலத்தில் இது வெட்டி வேடிக்கை என்பதும், பேரரசரின் படையை நாய்களாகக் காட்டுவது தகாது என்பதும் அதிகாரிகளின் மனக்குறை. பத்தாண்டுகளாகச் சிறுவர்களின் மனத்தில் இராணுவ வாழ்க்கைக்கு ஆசை மூட்டி வந்த தொடரையே, அது சிரிக்க வைக்கிறது என்பதற்காக அவர்களால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

பிரிட்டனில் ‘டெய்லி மிரர்’ நாளிதழின் ஜேன் பெருமளவுக்கு இதற்கு நேர்மாறு. நார்மன் பெட் 1932 டிசம்பரில் தொடங்கிய அந்தத் தொடரில், ஃபிரிட்ஸ் என்ற டாக்ஸ்ஹுண்ட் நாயை வளர்க்கும் ஓர் இளம்பெண், ஏதாவதொரு விபத்தில் ஆடையை இழந்து தர்மசங்கடப்படுவதுதான் தினசரி நகைச்சுவை. கதவிடுக்கில் பாவாடை சிக்கும், முள்வேலி இழுக்கும். ஜெர்மன் இனத்து நாய்க்கு ஜெர்மன் பெயரை வைத்துக்கொண்டே பிரிட்டன் அந்தப் போரை நடத்தி முடித்தது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது. போர் வந்ததும் ஜேனும் போர்க்காலப் பணிகளில் இறங்கினாள், ஆடைகளும் முன்னைவிட வேகமாகக் குறைந்தன. அவளைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு: ஜேன் முழுதாக ஆடை களைந்த நாளில் பிரிட்டனின் 36ஆவது டிவிஷன் வடக்குப் பர்மாவில் ஆறு மைல் முன்னேறியது என்பது. இந்தியாவில் உருவாக்கப்பட்ட டிவிஷன் அது. அந்தச் செய்தியின் மூலம், சீனா, பர்மா, இந்தியா களத்தில் இருந்த அமெரிக்கர்களின் ‘ரவுண்டப்’ என்ற படை இதழ். எங்களுக்கும் ஒரு ஜேன் வேண்டும் போலிருக்கிறதே என்று முடியும் அந்தக் குறிப்பு வெறும் கிண்டல். பின்னால் எழுதியவர்கள் கிண்டலை உதிர்த்துவிட்டு ஆறு மைலை மட்டும் வரலாறாக எடுத்துக்கொண்டார்கள். ஜேன் செய்தது அதைவிடச் சாதாரணமான காரியம். வீட்டில் அப்பா காலையில் பிரித்துப் பார்க்கிற அதே நாளிதழின் அதே நான்கு கட்டங்கள் பர்மாவின் சேற்றுக்கும் வந்து சேர்ந்தன.

அதே ‘டெய்லி மிரர்’ 1942 மார்ச்சில் மூடப்படும் நிலைக்குப் போயிற்று. ஃபிலிப் ஜெக் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், மூழ்கடிக்கப்பட்ட கப்பலின் மாலுமி ஒருவன் இருண்ட கடலில் ஒரு கட்டையைத் தழுவிக் கிடக்கிறான். கீழே, பெட்ரோல் விலை ஒரு பென்னி கூடியிருக்கிறது என்ற அரசு அறிவிப்பு. பெட்ரோலை வீணாக்காதீர்கள், அது உயிரைக் கொடுத்துக் கொண்டுவரப்படுவது என்பதுதான் ஜெக் சொல்ல வந்தது. கானிஃபின் கார்கின் ஓடுதளத்தில் பேசியதும் ஏறக்குறைய இதேதான். ஆனால் மாலுமிகளின் உயிரில் எண்ணெய் முதலாளிகள் லாபம் பார்க்கிறார்கள் என்று சர்ச்சிலின் அரசு அதைப் படித்துவிட்டது. உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் பத்திரிகையை அழைத்து எச்சரித்தார், விவகாரம் நாடாளுமன்றத்துக்குப் போயிற்று. மனவுறுதியைக் கூட்டுவது எது, குலைப்பது எது என்பதை அமைச்சர்கள் தீர்மானிக்கும்போது எவ்வளவு எளிதாகத் தவறிழைக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இனி பில் மால்டின். அவருடைய வில்லியும் ஜோவும் கண்டிப்பாகச் சொன்னால் ஒற்றைக் கட்டக் கேலிச்சித்திரப் பாத்திரங்கள், தொடர்கதை நாயகர்கள் இல்லை. ஆனாலும் அவர்களை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நியூ மெக்சிகோவில் 1921இல் பிறந்த மால்டின், 45ஆவது காலாட்படை டிவிஷனோடு 1943இல் சிசிலியில் இறங்கி, இத்தாலியச் சேற்றில் நடந்து, படை இதழுக்கு வரைந்தவர். பிறகு அமெரிக்கப் படையினரின் நாளிதழான ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்’ அவரை எடுத்துக்கொண்டது. வில்லியும் ஜோவும் மழிக்காத முகமும் தொய்ந்த தோளும் ஊறிப்போன காலணியுமாக இருப்பார்கள். ஒரு படத்தில் மருத்துவ உதவியாளன் பதக்கத்தை நீட்டுகிறான். “ரெண்டு ஆஸ்பிரின் கொடுத்தா போதும், பர்ப்பிள் ஹார்ட் ஏற்கெனவே இருக்கு” என்கிறான் வில்லி. காயம்பட்டவர்களுக்குத் தரும் பதக்கம் அது. இன்னொன்றில் வசனமே இல்லை: அச்சு முறிந்த ஜீப்பின் முன்னால், கால் முறிந்த குதிரையைச் சுட்டுவிடும் குதிரைப்படைப் பழக்கத்தில் வந்த ஒரு கிழ சார்ஜென்ட், ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு மறுகையால் அதன் எஞ்சினுக்குத் துப்பாக்கியை நீட்டுகிறார். 1945இல் 23 வயதில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசுக்குரியதாகச் சொல்லப்படும் படத்தின் வாசகம், வெற்றிக் களிப்பில் திளைக்கும் புத்துணர்ச்சி மிக்க அமெரிக்க வீரர்கள் பசித்துக் களைத்த கைதிகளை அழைத்து வருகிறார்கள் என்று பத்திரிகை நடையில் அமர்க்களமாகப் போகும். படத்திலோ கொட்டும் மழையில் தலைகுனிந்து நடக்கும் உருவங்கள். எவன் வென்றவன், எவன் தோற்றவன் என்று துப்பாக்கியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அமெரிக்க மூன்றாம் படையின் தளபதி ஜெனரல் பாட்டனுக்கு இது பொறுக்கவில்லை. போர்முனையிலும் கழுத்துப்பட்டையும் மழித்த முகமும் வேண்டும் என்று அபராதம் விதித்தவர் அவர். மால்டின் அதையும் படமாக்கினார்: மூன்றாம் படையின் எல்லையில் அபராதப் பட்டியல் தாங்கிய பெரிய பலகை நிற்கிறது, ஜீப்பில் வந்த வில்லியும் ஜோவும் அதைப் படித்துவிட்டு, ஆயிரம் மைல் சுற்றிக்கொண்டு வருவதால் தாமதமாகும் என்று மேலதிகாரிக்குச் செய்தி அனுப்பச் சொல்கிறார்கள். 1945 தொடக்கத்தில் லக்சம்பர்கில் பாட்டன் மால்டினை நேரில் அழைத்து, இந்த நாடோடிகளைப் போன்றவர்களா என் வீரர்கள் என்று வெளுத்து வாங்கினார். நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் தலைமையகம் மால்டின் பக்கம் நின்றது, படங்கள் தொடர்ந்தன.

வில்லி ஏன் உதவினான் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நாள்கணக்கில் காலுறை நனைந்து கிடக்கிறவனிடம் நீ மாவீரன் என்றால் அவன் உங்களை நம்ப மாட்டான்; காலுறை நனைந்திருக்கிறது என்று ஒருவன் எழுதி அச்சிலும் வந்துவிட்டால், தன் பாடு யாருக்கோ தெரிந்திருக்கிறது என்று அவனுக்குத் தோன்றும். கேலி அங்கே ஒரு வடிகால். அதை அடைப்பதைவிடத் திறந்துவிடுவது நல்லது என்று விவரமான அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. அரசியலும் அதில் இல்லாமலில்லை. மால்டினின் படங்கள் 1944 முதல் அமெரிக்க நாளிதழ்களுக்கும் போனதைப் போர்த் துறை வரவேற்றது, காலாட்படையின் கஷ்டம் தெரிந்தால்தான் வெற்றி எளிதில் வராது என்பதை மக்கள் உணர்வார்கள் என்ற கணக்கில். முணுமுணுப்பே பிரச்சாரத்துக்கு உரமாகிவிட்ட இடம் அது. டிஸ்னியிலிருந்து வந்த ஜார்ஜ் பேக்கர் அமெரிக்கப் படையின் ‘யாங்க்’ வார இதழில் வசனமில்லாமல் வரைந்த ‘சேட் சேக்’ என்ற அப்பாவிச் சிப்பாயின் கதையும் இந்த வகையே. எல்லா வரிசையிலும் கடைசியில் நிற்பவன் அவன்.

ஜாக் கிர்பிக்கு என்ன ஆயிற்று என்பதை இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். 1943இல் அவரைப் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1944இல் அவர் பிரான்சில் இறங்கியது பாட்டனின் மூன்றாம் படையில், சாதாரணக் காலாட்படைச் சிப்பாயாக. படம் வரையத் தெரிந்தவன் என்று அவரை முன்னால் அனுப்பி, எதிரி நிலைகளை வரைந்துவரச் செய்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஈரத்திலும் பனியிலும் கால்கள் இரண்டும் விறைத்துக் கெட்டு, வெட்டி எடுக்க வேண்டியிருக்குமோ என்ற நிலையில் மருத்துவமனைக்குப் போனார். மடிப்புக் கலையாத சீருடையில் ஹிட்லரைக் குத்திய நாயகனை வரைந்தவர், வில்லியின் காலணியோடுதான் போரை முடித்தார். போருக்குப் பின் கேப்டன் அமெரிக்காவின் விற்பனை சரிந்து 1950இல் இதழ் நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவனாக அவனை மீண்டும் கிளப்பிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அவன் நிலைத்து நின்றது 1964இல், பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்து தன் காலத்தைத் தொலைத்தவனாகத் திரும்பி வந்த பிறகுதான். அந்தக் கதையை வரைந்தவரும் கிர்பியே.

மால்டின் தம் கடைசி நாள்களைக் கலிபோர்னியாவில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் கழித்தார். மறதி நோய் முற்றி, பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. 2002இல் அந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்ததும் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. எண்பதை எட்டிய, தாண்டிய பழைய காலாட்படைக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, அவர் கட்டிலருகே சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஜனவரியில் அவர் இறந்தார்.